குப்பையைத் தராசில் போடுங்கள், பிறகு காணி கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் குப்பைப் பிரச்சினை கிளம்பும் ஒவ்வொரு முறையும் இரண்டே இரண்டு பேச்சுத்தான் நம் காதில் விழுகிறது. ஒன்று, "கொட்ட இடமில்லை, காணி வேண்டும்." மற்றது, "குப்பையிலிருந்து காஸ் எடுப்போம், கரண்ட் எடுப்போம்." முதலாவது பேச்சு பெரும்பாலும் ஏதாவதொரு தோட்டத்துப் பக்கம் விரலை நீட்டி முடியும். இரண்டாவது பேச்சு மேடையில் தொடங்கி மேடையிலேயே முடியும்.

இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. எவ்வளவு?

ஒரு நாளைக்கு எத்தனை கிலோ? அதில் உக்குவது எவ்வளவு, உக்காதது எவ்வளவு? உக்கும் குப்பையில் தண்ணீர் போக மிஞ்சுவது எவ்வளவு? அதிலிருந்து எத்தனை கன மீற்றர் மெதேன் வரும்? இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல் காணி கேட்பதும் சரியில்லை, காஸ் தருவதாக வாக்குக் கொடுப்பதும் சரியில்லை. நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறோம். குப்பை மேடு சும்மா கிடக்கும் பொருளல்ல. சோறு, மரக்கறி, இறைச்சிக் கழிவு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, காற்றுப் படாமல் அழுகும்போது உள்ளே இருக்கும் நுண்ணங்கிகள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. நாம் அடுப்பில் எரிக்கக்கூடிய அதே வாயு. மேட்டிலிருந்து அது வானத்துக்குப் போகிறது. 100 வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மெதேன் பூமியைச் சூடாக்குவது ஒரு கிலோ காபனீரொட்சைட்டைப் போல சுமார் 28 மடங்கு. மேட்டின் அடியிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர் மழையோடு ஓடைக்குப் போகிறது. நம்முடைய ஓடைகள் பதுளு ஓயாவில் விழுகின்றன, பதுளு ஓயா மகாவலியில் விழுகிறது. நாம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவது நாட்டின் பாதிக்குப் போய்ச் சேருகிறது.

மீதொட்டமுல்லையை மறந்துவிட்டோமா? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மண்சரிவு என்றால் என்ன என்று நம் மாகாணத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தவர்கள். சரிவான மலைநிலத்தில் குப்பை மேடு கட்டுவது என்ன விஷயம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, காஸ் பேச்சுக்கு வருவோம்.

"பத்து தொன் குப்பை இருக்கிறது, இவ்வளவு காஸ் வரும்" என்று யாராவது சொன்னால், உடனே "எந்தப் பத்து தொன்?" என்று கேளுங்கள். ஏனென்றால் ஒரு தொன்னும் இன்னொரு தொன்னும் ஒன்றல்ல. ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். இது பதுளையின் கணக்கல்ல. அந்தக் கணக்கு இல்லையென்பதுதான் நம் சண்டையே.

கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மிஞ்சும் கோவா இலை, லீக்ஸ், கரட் இலை மாதிரியான மரக்கறிக் கழிவு ஒரு தொன் என்று வையுங்கள். அதில் சுமார் 900 கிலோ வெறும் தண்ணீர். மிஞ்சும் 100 கிலோவில் மண்ணும் சாம்பலும் போக, நுண்ணங்கிகள் தின்னக்கூடிய சேதனப் பகுதி ஏறக்குறைய 85 கிலோ. ஒரு கிலோவுக்கு 330 லீற்றர் மெதேன் என்று எடுத்தால் மொத்தம் 28 கன மீற்றர். வெப்பத்தில் பார்த்தால் அது 22 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றேமுக்கால்.

இப்போது ஹோட்டல், கல்யாண மண்டபம், விடுதிச் சமையலறை மிச்சம் ஒரு தொன் எடுங்கள். சோறு, கறி, இறைச்சி, எண்ணெய். தண்ணீர் சுமார் 750 கிலோதான். சேதனப் பகுதி 225 கிலோ. கிலோவுக்கு 400 லீற்றர் என்று பார்த்தால் 90 கன மீற்றர் மெதேன். அதாவது 70 கிலோ எரிவாயு, ஐந்தரைச் சிலிண்டருக்கும் மேலே.

ஒரே தராசு, ஒரே ஒரு தொன். ஒன்றிலிருந்து வருவது மற்றதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். அதே ட்ரக்டரில் கட்டட இடிபாடும் மண்ணும் தேங்காய் மட்டையும் பொலித்தீனும் கலந்து வந்தால்? மண் வாயு தராது. தேங்காய் மட்டையிலும் மரக்குச்சியிலும் இருக்கும் லிக்னினை இந்த நுண்ணங்கிகளால் செரிக்க முடியாது. பொலித்தீன் தாங்கியின் குழாயை அடைக்கும், கலக்கியில் சுற்றிக்கொள்ளும். தொன் கணக்கு பெரிதாக இருக்கும், அடுப்பு எரியாது.

இந்தக் கணக்கும் சோதனைப் போத்தலின் உச்சக் கணக்கு. உண்மையான தாங்கியில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். அதைச் சொல்லாமல் உச்சக் கணக்கை மட்டும் காட்டுகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

எங்களுடைய வகுப்புகளில் ஒரு செய்முறை உண்டு. போத்தலில் மரக்கறிக் கழிவும் கொஞ்சம் சாணமும் தண்ணீரும் போட்டு, வாயில் பலூனைக் கட்டி வைப்பது. இரண்டு மூன்று நாளில் பலூன் ஊதும். பிள்ளைகள் "மெதேன் வந்துட்டு சேர்!" என்று கத்துவார்கள். வரவில்லை. முதல் நாட்களில் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. கழிவு புளித்து அமிலமாகும் கட்டம் அது. அந்த வாயு எரியாது. மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகள் மெதுவாக வளர்பவை, அமிலம் கூடினால் வேலையை நிறுத்திவிடுபவை. சாணம் போதாமல் வெறும் மரக்கறிக் கழிவை நிரப்பினால் போத்தல் புளித்துப்போய் அப்படியே கிடக்கும்.

குப்பையிலிருந்து காஸ் என்ற பேச்சும் இப்போது அந்தப் பலூன்தான். ஊதியிருக்கிறது. உள்ளே என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

உள்ளே என்ன என்று பார்ப்பதற்கு உலகம் முழுக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய மந்திரமில்லை. குப்பை மாதிரியை 105 பாகை செல்சியசில் உலர்த்தி நிறுத்தால், தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். பிறகு 550 பாகையில் எரித்து நிறுத்தால், சாம்பல் போக சேதனப் பகுதி எவ்வளவு என்று தெரியும். அடுத்தது போத்தல் சோதனை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் உயிர்வாயுத் தாங்கியின் குழம்பையோ சாணக் கரைசலையோ எடுத்து, அளந்த கழிவைச் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, 37 பாகையில் சுமார் ஒரு மாதம் வைத்திருப்பது. வரும் வாயுவை சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலுக்குள் விட்டால் காபனீரொட்சைட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது ஏறக்குறைய மெதேன். அதை நாளுக்கு நாள் அளந்து எழுதுவது.

பக்கத்தில் கழிவே போடாமல் குழம்பு மட்டும் உள்ள போத்தல்கள் வைக்க வேண்டும். குழம்பு தானாகத் தரும் வாயுவைக் கழிப்பதற்கு. தூய செலுலோசு போட்ட போத்தல்களும் வேண்டும். கணக்குப்படி ஒரு கிலோ செலுலோசு அதிகபட்சம் 415 லீற்றர் மெதேன் தரும். அதற்குக் கிட்டவும் வராவிட்டால் குழம்பில் உயிரில்லை, சோதனை பிழை. எல்லாவற்றையும் மூன்று மூன்றாக வைக்க வேண்டும். ஒரு போத்தலை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இதற்கு மேல் நம்முடைய மலைக்கென்று ஒரு கேள்வியும் இருக்கிறது. போத்தல் இருப்பது 37 பாகையில். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேலே, ஹப்புத்தளை அதற்கும் மேலே. மார்கழிக் குளிரில் ஹப்புத்தளையில் போர்வைக்குள்ளிருந்து நாமே வெளியே வருவதில்லை. அந்த நுண்ணங்கிகள் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்யுமா? 20 பாகைக்குக் கீழே அவற்றின் வேகம் நன்றாகக் குறையும். சமவெளியில் ஓடும் தாங்கியின் அளவை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டினால் கழிவு செரிக்கும் முன்பே வெளியே வந்துவிடும். இங்கே தாங்கி பெரிதாக வேண்டும், அல்லது நிலத்தில் புதைத்துச் சூட்டைக் காக்க வேண்டும். எவ்வளவு பெரிது என்பதை இங்கே அளந்தால்தான் சொல்லலாம். கொழும்பில் இருந்து பவர்பொயின்டில் சொல்ல முடியாது.

"இதெல்லாம் படித்தவர்களின் வீண் வேலை, முதலில் கட்டுவோம், பிறகு பார்ப்போம்" என்பவர்களுக்கு இரண்டு செய்தி.

டெல்லியின் திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 300 தொன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டினார்கள். 21 நாள் ஓடியது. குப்பையில் இருந்த வெப்பம், ஆலை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. இயந்திரத்தில் பிழையில்லை. அந்த ஊர்க் குப்பைக்காகச் செய்த இயந்திரம் அல்ல அது, அவ்வளவுதான்.

இரண்டாவது லக்னோ. 2003இல் நகரக் குப்பையிலிருந்து மெதேன் எடுத்து 5 மெகாவாட் மின்சாரம் செய்யும் ஆலை வந்தது. வந்த குப்பையில் மண்ணும் கல்லும் பொலித்தீனும். நீண்ட காலம் ஓடவில்லை, மூடிவிட்டார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இந்தூரில் 2022 பெப்ரவரியில் திறந்த ஆலை நாளொன்றுக்கு 550 தொன் ஈரக் கழிவை எடுத்து, சுமார் 17,000 கிலோ வாகன எரிவாயு தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஆனால் கவனியுங்கள். ஆலை வருவதற்குப் பல வருடம் முன்பே அங்கே வீட்டு வாசலில் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் பிரித்துத்தான் வாங்கினார்கள். முதலில் பழக்கம், பிறகு அளவு, கடைசியில் ஆலை. நாம் கடைசியை மட்டும் படம் பிடித்துப் பகிர்கிறோம். கேரளத்தின் ஆலப்புழையில் வேறு வழி. ஊர்க் குப்பையைக் கொட்டிய இடத்து மக்கள் இனிக் கொட்ட விடமாட்டோம் என்று நின்றார்கள். 2012இலிருந்து நகரம் வீட்டுக்கு வீடு சின்ன உயிர்வாயுத் தாங்கிக்கும் கூட்டெருக் குழாய்க்கும் போனது. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு உலகுக்குக் காட்டிய ஐந்து நகரங்களில் அதுவும் ஒன்று.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஹப்புத்தளையிலிருந்து மலை இறங்கினால் பலாங்கொடை. அந்த நகர சபை குப்பையிலிருந்து கூட்டெரு செய்து விற்பதை நாடு முழுவதும் இருந்து வந்து பார்த்துப் போகிறார்கள். "அப்படியென்றால் கூட்டெருவே போதுமே, காஸ் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில ஊருக்குக் கூட்டெருதான் சரி. இலை, தழை, உலர்ந்தது அதிகமென்றால் கூட்டெரு. சோறும் கறியும் ஈரமும் அதிகமென்றால் தாங்கி. தாங்கியில் காஸ் எடுத்த பிறகும் குழம்பு பசளையாக மிஞ்சும். எது எவ்வளவு என்று யார் சொல்வது? மறுபடியும் தராசுதான்.

அளக்காமல் எடுத்த முடிவுக்கு நாம் ஏற்கனவே விலை கொடுத்தவர்கள். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. நாட்டுக்குத் தேவையான சேதனப் பசளை எங்கிருந்து, எத்தனை தொன் வரும் என்ற கணக்கு கையில் இல்லாமலேயே தடை வந்துவிட்டது. சில மாதங்களில் தடையை விலக்கினார்கள். ஆனால் கொழுந்து குறைந்ததும் அதனால் யாருடைய கூடை காலியானது என்பதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் எங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் காஸ் வரிசை. 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது 2022 ஏப்ரலில். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் வெறும் சிலிண்டரோடு வீடு திரும்பினோம். அந்த மாதங்களிலும் நகரத்தின் குப்பை மேடு ஒரு நாள்கூடத் தவறாமல் மெதேனை வானத்துக்கு விட்டுக்கொண்டுதான் இருந்தது.

இனி தோட்டத்துக் கதை. குப்பைக்கு இடம் தேடும்போது தோட்டத்துப் பக்கம் பார்ப்பது ஏன்? காணி விரிவாகக் கிடக்கிறது, கம்பனியோடு பேசினால் முடியும், லயனில் இருப்பவர் பெயரில் உறுதி இல்லை, எதிர்த்து நிற்க ஆள் குறைவு. அதுதான் காரணம். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவு செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. அதைத் திருத்தியது 2018இல்தான். முப்பது வருடம் ஒரு பாதை போட, ஒரு விளக்குப் போட சட்டம் இடம் தரவில்லை. நகரத்துக் குப்பை உள்ளே வருவதற்கு மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே வரக் கூடாதா?

லயன் அறைக்குள் இன்றும் எத்தனையோ தாய்மார் விறகுப் புகையில் சமைக்கிறார்கள். அதே லயனில் மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், சாணம் இருக்கிறது. சாணம்தான் தாங்கிக்கு உயிர். நகரத்திலிருந்து தோட்டத்துக்கு ஏதாவது வரத்தான் வேண்டுமென்றால், பிரித்த சுத்தமான உணவுக் கழிவு வரட்டும், தாங்கி வரட்டும், காஸ் லயன் அடுப்புக்குப் போகட்டும், குழம்பு மரக்கறிப் பாத்திக்குப் போகட்டும். அதுவும் அந்த மக்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால். கலந்த குப்பை என்றால் வேண்டாம். பற்றரியும் பெயின்ட் டின்னும் கலந்த குழம்பை மரக்கறிக்கு ஊற்ற முடியாது.

இப்போது நம்முடைய வீட்டு வாசலுக்கு வருவோம். சபையை மட்டும் ஏசிவிட்டுத் தூங்கினால் நியாயமில்லை. நம் வலீமா மண்டபங்களில் சஹனில் மிஞ்சும் சோறும் இறைச்சியும் மேலே கணக்குப் போட்ட அந்த ஐந்தரைச் சிலிண்டர் கழிவு. அதை யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், மேசைக்கு விரித்த பொலித்தீன் எல்லாவற்றோடும் சேர்த்துச் சுருட்டி ஒரே பையில் கட்டுகிறோம். கோயில் அன்னதானத்திலும் வெசாக் தன்சலிலும் இதே கதைதான். வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, பின்னேரம் மண்டபத்தில் வீண்விரயத்தையும் வீணாக்குகிறோம். குர்பான் நாட்களில் மாட்டுக் குடலில் இருந்து வரும் கழிவு, மெதேன் நுண்ணங்கிகள் நிறைந்த முதல்தரச் சரக்கு. அதை ஆற்றங்கரையில் போட்டால் நாற்றமும் நோயும். குப்பை பிரிக்கும் வேலையை, நகர சுத்திகரிப்புத் தொழிலாளியின் வெறுங்கைக்கு விட்டுவிடுவதற்கு நமக்கு என்ன உரிமை?

"சபையிடம் காசில்லை" என்ற பதில் வரும். தாங்கி கட்டத்தான் பெரிய காசு. அளப்பதற்கு வேண்டியது தராசு, கையுறை, முகமூடி, ஏழு நாள் உழைப்பு, ஒரு மாதம் ஆய்வுகூடம். உலர்த்தும் அடுப்பும் எரிக்கும் உலையும் மண், உணவு ஆராயும் ஆய்வுகூடங்களில் உள்ள சாமான்கள். பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இலிருந்து இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்து பத்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது. உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் எது? ஒரு எச்சரிக்கை மட்டும். காற்றில் 5 முதல் 15 வீதம் மெதேன் கலந்தால் வெடிக்கும். பிள்ளைகளை ஆசிரியர் இல்லாமல் நெருப்போடு விடக் கூடாது.

ஆகவே நாங்கள் கேட்பது:

1. ஏழு நாள் தொடர்ச்சியாக, வரும் ஒவ்வொரு வண்டியும் நிறுக்கப்பட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு தரம், வெயில்காலத்தில் ஒரு தரம், பண்டிகை வாரத்தில் ஒரு தரம். சந்தை, ஹோட்டல், வீடு என்று தனித்தனியாக.

2. மாதிரி எடுப்பது முறையாக இருக்க வேண்டும். குவியலை நன்றாகக் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து, மறுபடியும் கலந்து பிரித்து, கையாளும் அளவுக்குக் குறைப்பது. மேலே கிடக்கும் ஒரு கை அள்ளுவது மாதிரி அல்ல.

3. ஈரம், சேதனப் பகுதி, மெதேன் அளவு மூன்றும் சோதிக்கப்பட வேண்டும். 37 பாகையிலும், நம் ஊர் வெப்பநிலையிலும்.

4. முடிவு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சபை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

5. அதுவரை தோட்டத்துக் காணியில் ஒரு பேர்ச்சஸ்கூட குப்பைக்காக எடுக்கக் கூடாது.

இதற்கு யாருடைய காலிலும் விழத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் சபையின் தகவல் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். "நாளாந்தம் சேரும் குப்பை எத்தனை கிலோ, எப்படி அளந்தீர்கள், உக்கும் பங்கு எவ்வளவு, மெதேன் சோதனை செய்தீர்களா?" நான்கே வரி. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். பதில் "இல்லை" என்று வந்தால் அதுவும் பதில்தான். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை யாராவது காணி கேட்டு தோட்டத்துக்கு வரும்போது, காஸ் தருவதாக நகரத்துக்கு வரும்போது, அவர் முன்னால் மேசையில் வைக்கலாம்.

விண்ணப்பம் தமிழில் எழுத உதவி வேண்டியவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். பின்னேரங்களில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதித் தருகிறோம். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தச் சபை என்று மட்டும் சொன்னால் போதும். எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்கமாட்டோம்.